வளரிளம் பருவத்தினரின் மனநலமும் கலைவழிச் சிகிச்சையும்: பெற்றோரும் பராமரிப்பாளரும் அறிய வேண்டியவை

பத்து வயது முதல் பத்தொன்பது வயது வரையிலான காலத்தை வளரிளம் பருவம் என உலக சுகாதார நிறுவனம் வரையறுக்கிறது. இவ்வயதினரில் ஏழு பேரில் ஒருவருக்கு ஏதேனும் ஒரு மனநலக் கோளாறு இருப்பதாக அந்நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. இந்தியாவில் 2015-16ஆம் ஆண்டுகளில் நடத்தப்பட்ட தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயது வரையிலானோரில் 7.3 விழுக்காட்டினருக்கு இத்தகைய கோளாறு இருப்பதைக் கண்டறிந்தது. நாற்பது பேர் அமர்ந்திருக்கும் வகுப்பறையில் இது ஏறக்குறைய மூவர் என்ற கணக்காகும்.

இவர்களுள் மிகச் சிலரே "எனக்கு மனம் சரியில்லை" என்று சொல்லிக்கொண்டு மருத்துவமனைக்கு வருகின்றனர். மற்றவர்கள் ஓயாத தலைவலி, காரணம் புலப்படாத வயிற்றுவலி, தூக்கமின்மை, மதிப்பெண் சரிவு, பள்ளிக்குச் செல்ல மறுத்தல் என்று வேறு பெயர்களில் வருகின்றனர். அழைத்து வரும் தாயோ தந்தையோ பேசிக்கொண்டே இருப்பார். பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டிருக்கும். மருத்துவர் என்ன கேட்டாலும் "ஒண்ணுமில்ல" என்பதே விடையாக இருக்கும். அந்த விடையைப் பிடிவாதம் என்று எண்ணிவிட வேண்டாம். உள்ளே இருப்பதற்குப் பொருத்தமான சொல் அந்த வயதில் பல நேரங்களில் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் பெற்றோர் முன்னிலையில் அதைச் சொல்லத் துணிவு வருவதில்லை.

இத்தகைய நிலையில் உதவக்கூடிய ஒரு முறையே கலைவழிச் சிகிச்சை. அது என்ன, எதற்குப் பயன்படும், எதற்குப் பயன்படாது, பிள்ளை வரைந்த படத்தை நீங்கள் எவ்வாறு அணுக வேண்டும் என்பவற்றை இப்பக்கம் விளக்குகிறது.

கலைவழிச் சிகிச்சை என்றால் என்ன?

ஓவியம் தீட்டுதல், களிமண்ணில் உருவம் செய்தல், படங்களை வெட்டி ஒட்டுதல் முதலிய செயல்களின் வழியாக, பயிற்சி பெற்ற ஒருவரின் துணையோடு, மனத்தில் உள்ளதை வெளிக்கொணரவும் அதைக் கையாளப் பழகவும் உதவும் உளச்சிகிச்சை முறை இது. ஆர்ட் தெரபி என்ற பெயரிலும் இதை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். இசை, நடனம், நாடகம் ஆகியவற்றைக் கொண்டும் சிகிச்சை முறைகள் உள்ளன. இங்கே ஓவியத்தையும் கைவேலையையும் மட்டும் எடுத்துக்கொள்வோம்.

இங்கிலாந்தைச் சேர்ந்த ஏட்ரியன் ஹில் என்ற ஓவியர் 1938ஆம் ஆண்டு காசநோய்க்காக ஒரு சானடோரியத்தில் தங்கிச் சிகிச்சை பெற்றார். படுக்கையில் இருந்தபடியே வரைந்தது தமக்கு ஆறுதல் அளித்ததை உணர்ந்த அவர், பின்னர் உடனிருந்த நோயாளிகளையும் வரையத் தூண்டினார். 1942ஆம் ஆண்டு இம்முறைக்கு இப்பெயரைச் சூட்டியவரும் அவரே. அமெரிக்காவில் மார்கரெட் நாம்பர்க், ஈடித் கிராமர் ஆகியோர் குழந்தைகளோடும் வளரிளம் பருவத்தினரோடும் பணியாற்றி இதை ஓர் உளச்சிகிச்சை முறையாக வளர்த்தெடுத்தனர்.

இதை ஓவிய வகுப்போடு குழப்பிக்கொள்ள வேண்டாம். ஓவிய வகுப்பில் படம் நன்றாக வர வேண்டும். இங்கே அதற்கு இடமே இல்லை. மதிப்பெண், பரிசு, கண்காட்சி எதுவும் இல்லை. வரைந்த தாளைப் பிள்ளை கிழித்தெறிந்தாலும் அதுவும் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே கொள்ளப்படும். "என் பிள்ளைக்கு வரையவே வராதே, டாக்டர்" என்று தயங்கும் பெற்றோர் பலர். வரையத் தெரியாமல் இருப்பது இச்சிகிச்சைக்குத் தடையாகாது. மாறாக, நன்றாக வரையும் பிள்ளைகள் சில வேளைகளில் அழகான படத்தின் பின்னால் ஒளிந்துகொள்வதும் உண்டு.

இந்த வயதுக்கு ஏன் பொருந்துகிறது?

வளரிளம் பருவத்தில் மூளையின் எல்லாப் பகுதிகளும் ஒரே வேகத்தில் முதிர்ச்சி அடைவதில்லை. உணர்ச்சிகளை எழுப்பும் பகுதிகள் முன்னதாகவே வேகம் பெறுகின்றன. திட்டமிடுதல், நிதானித்தல், விளைவை எண்ணிப் பார்த்தல் ஆகியவற்றுக்குப் பொறுப்பான முன்மூளைப் பகுதியோ இருபது வயதைக் கடந்த பின்னரும் வளர்ந்துகொண்டே இருக்கிறது. ஆகவே உணர்ச்சி பெரிதாகவும் அதைச் சொல்லும் ஆற்றல் சிறிதாகவும் இருக்கும் ஓர் இடைக்காலம் இது. கை வேலையில் ஈடுபட்டிருக்கும்போது இந்த இடைவெளி சற்றுக் குறைகிறது. எதிரே இருப்பவரின் கண்ணைப் பார்த்து விடை சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. இருவரும் ஒரே தாளைப் பார்த்துக்கொண்டிருக்கின்றனர். அம்மாவோடு அமர்ந்து கீரை ஆயும்போதும் வண்டியில் பின்னால் அமர்ந்து செல்லும்போதும் பிள்ளைகள் மனம் திறந்து பேசுவதை நீங்களே கவனித்திருப்பீர்கள். அதே இயல்பைத்தான் இம்முறையும் பயன்படுத்துகிறது.

இதில் ஓர் இடையூறும் உண்டு. சுவரெல்லாம் கிறுக்கிய குழந்தை, பதினொன்று பன்னிரண்டு வயதில் வரைவதை நிறுத்திவிடும். தன் படம் உண்மைப் பொருளைப் போல இல்லை என்பது அந்த வயதில்தான் கண்ணுக்குப் படத் தொடங்குகிறது. கலைக்கல்வி அறிஞர் விக்டர் லோவன்ஃபெல்ட் 1947ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் இம்மாற்றத்தை விரிவாக விளக்கியுள்ளார். எனவே பதினான்கு வயதுப் பிள்ளையிடம் வெள்ளைத் தாளை நீட்டி "ஏதாவது வரை" என்றால், அது தேர்வுத் தாளைப் போலவே மிரட்டும். பயிற்சி பெற்றவர்கள் வேறு வழியில் தொடங்குவர். செய்தித்தாள்களிலிருந்து படங்களை வெட்டி ஒட்டச் சொல்வது ஒரு வழி. கிறுக்கல் விளையாட்டு மற்றொன்று: ஒருவர் பொருளற்ற ஒரு கோட்டை இழுப்பார், மற்றவர் அதை ஏதேனும் ஓர் உருவமாக முடிப்பார், பிறகு முறை மாறும். இங்கிலாந்துக் குழந்தை மருத்துவரும் உளப்பகுப்பாய்வாளருமான டொனால்ட் வின்னிகாட் பிள்ளைகளோடு முதல் சந்திப்பில் பழகுவதற்கு இவ்விளையாட்டையே பயன்படுத்தினார். இதில் தோற்பவர் எவரும் இல்லை. மருத்துவரின் கோடும் கோணலாகவே இருக்கும்.

சிகிச்சை அமர்வில் என்ன நடக்கிறது?

பொதுவாக வாரம் ஒருமுறை, முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வரை அமர்வு நடைபெறும். தனியாகவும் நடத்தலாம், ஆறு முதல் எட்டுப் பேர் கொண்ட சிறு குழுவாகவும் நடத்தலாம். முதல் அமர்வில் சிகிச்சை அளிப்பவர் உங்களிடமும் பிள்ளையிடமும் தனித்தனியே பேசுவார். பிள்ளையின் விருப்பத்தைக் கேட்டறிவது கட்டாயம். இழுத்து வந்து அமர்த்தப்பட்ட பிள்ளை வரையலாம். ஆனால் சிகிச்சை நடக்காது.

எந்தப் பொருளைக் கையில் கொடுப்பது என்பதிலும் ஒரு கணக்கு உண்டு. பென்சிலும் ஸ்கெட்ச் பேனாவும் கைக்குக் கட்டுப்படுபவை. பதற்றம் மிகுந்த பிள்ளைக்கு இவை பாதுகாப்பு உணர்வைத் தரும். நீர் கலந்த வண்ணம் தன் போக்கில் பரவும். எல்லாவற்றையும் கட்டுக்குள் வைத்திருக்க முயலும் பிள்ளைக்கு அது முதலில் அச்சமூட்டினாலும், மெல்ல மெல்ல இறுக்கத்தைத் தளர்த்தக்கூடும். களிமண் அடி தாங்கும். கோபத்தோடு வருபவர் அதைப் பிசையலாம், குத்தலாம், மீண்டும் உருட்டி வைக்கலாம். ஆட்டிசம் உள்ள சில பிள்ளைகளால் களிமண்ணின் ஈரத்தையும் வழுவழுப்பையும் தாங்க இயலாது. அவர்களுக்கு வேறு பொருள் தரப்படும். தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் பழக்கம் உள்ளவர் இருக்கும் அறையில் கத்தரிக்கோல், பிளேடு ஆகியவை வைக்கப்படுவதில்லை. தாளைக் கையால் கிழித்து ஒட்டுவதே வழக்கம்.

வரைந்து முடித்த பின்னர்ச் சிறிது நேரம் பேச்சு நடைபெறும். "இது என்ன?" என்ற கேள்வியைவிட "இந்தப் படத்தைப் பற்றிச் சொல்ல விருப்பமா?" என்ற கேள்வியே கேட்கப்படும். விருப்பமில்லை என்றால் தாள் கோப்பில் வைக்கப்படும். ஆறாவது வாரத்தில் முதல் வாரத்துப் படத்தை எடுத்து வைத்துப் பார்க்கும்போது, பிள்ளையே சில மாற்றங்களைக் கண்டு சொல்வது உண்டு. சொல்லால் நடக்கும் ஆலோசனையில் இந்த வசதி இல்லை; பேசியது காற்றோடு போய்விடும், வரைந்தது எஞ்சி நிற்கும்.

வளர்ச்சி சார்ந்த பயன்களும் இதனோடு சேர்ந்தே வருகின்றன. எதை வரைவது என்று தானே முடிவெடுத்தல், கெட்டுப்போன படத்தைத் தூக்கி எறியாமல் அதிலிருந்தே தொடர்தல், குழுவில் வண்ணக் கிண்ணத்தைப் பகிர்ந்துகொள்ளுதல், பிறர் படத்தை ஏளனம் செய்யாமல் பார்த்தல் ஆகியவை இந்த வயதில் பழக வேண்டியவையே. பேச்சுத் திறன் குறைந்தோர், அறிவுசார் குறைபாடு உடையோர் ஆகியோருக்குத் தம் கருத்தைத் தெரிவிக்க இது மற்றொரு வழியாகவும் அமைகிறது.

படத்தை வைத்து மனத்தைப் படிக்க முடியுமா?

பெற்றோர் பெரிதும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இதுதான். ஆகவே சற்று விரிவாகவே சொல்ல வேண்டியுள்ளது.

"கருப்பு வண்ணம் பூசினால் மனச்சோர்வு", "கை இல்லாத மனிதனை வரைந்தால் தாழ்வு மனப்பான்மை", "பெரிய கண் வரைந்தால் சந்தேக குணம்" என்பன போன்ற பட்டியல்கள் கைபேசியில் நாள்தோறும் உலவுகின்றன. இவற்றுக்கு ஒரு பழைய வரலாறு உண்டு. 1940களின் இறுதியில் வீடு, மரம், மனிதர் ஆகியவற்றை வரையச் செய்து ஆளுமையைக் கணிக்கும் சோதனைகள் உருவாக்கப்பட்டன. பின்னர் வந்த ஆய்வுகள், தனித்தனி அடையாளங்களைக் கொண்டு செய்யப்படும் அத்தகைய கணிப்புகள் நம்பத்தக்கவை அல்ல என்பதைக் காட்டின.

அவற்றுள் ஒன்று குறிப்பிடத்தக்கது. லோரன் சாப்மன், ஜீன் சாப்மன் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 1967ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், பயிற்சி பெறாத மாணவர்களிடம் மனித உருவப் படங்களைக் கொடுத்து, ஒவ்வொரு படத்தின் கீழும் அதை வரைந்தவருக்கு இருப்பதாகச் சில மனக்குறைகளை எழுதி வைத்தனர். உண்மையில் படத்துக்கும் அதன் கீழ் எழுதப்பட்டதற்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. ஆயினும் சந்தேக குணம் உள்ளவர்கள் கண்களை வித்தியாசமாக வரைந்திருப்பதைத் தாங்கள் கண்டதாக அம்மாணவர்கள் உறுதியாகக் கூறினர். அனுபவம் மிக்க வல்லுநர்கள் கூறிவந்த அதே தொடர்பையே அவர்களும் "கண்டுபிடித்தனர்". படத்தில் இல்லாத ஒன்றைப் பார்ப்பவர் தம் எண்ணத்திலிருந்தே கொண்டுவருகிறார் என்பது இதனால் விளங்கும். பிள்ளையின் படத்தைப் பதற்றத்தோடு பார்க்கும் பெற்றோருக்கு இது இன்னும் எளிதாக நேரும்.

எனவே பிள்ளையின் படத்துக்குப் பொருள் சொல்லக்கூடியவர் ஒருவரே; அதை வரைந்த பிள்ளை. சிகிச்சை அளிப்பவரும் அப்பிள்ளையிடம் கேட்டே அறிகிறார்.

அடையாளம் தெரியாதவாறு மாற்றி ஒரு நிகழ்வைச் சொல்லலாம். பத்தாம் வகுப்பு மாணவியின் தாய் ஒருவர், மகளுக்குத் தெரியாமல் அவளுடைய கணக்கு நோட்டைப் பையில் மறைத்து எடுத்துக்கொண்டு புறநோயாளர் பிரிவுக்கு வந்தார். பின்பக்கத் தாள்கள் முழுவதும் ஒரே படம்: பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி அழுத்திக் கருப்பாக்கிய மூடிய கதவு. அது சாவின் வாசல் என்று ஓர் உறவினர் சொல்லிவிட்டார். தாய் மூன்று இரவுகளாக மகளின் அறைக்கு வெளியே படுத்திருந்தார். நோட்டை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, மகளிடம் நேரடியாகப் பேசி, அவள் சம்மதத்தோடு அழைத்து வருமாறு அவரிடம் கூறப்பட்டது. இரண்டு வாரம் கழித்து மகள் வந்தாள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உண்டா என்பதுதான் அவளிடம் முதலில் கேட்கப்பட்டது. இல்லை என்றாள். நான்காவது அமர்வில்தான் கதவைப் பற்றிச் சொன்னாள். அது அவர்கள் வீட்டுக் குளியலறைக் கதவு, உள்ளிருந்து பார்க்கும்போது தெரிவது. தந்தை குடித்துவிட்டு வரும் இரவுகளில் தம்பியோடு அதற்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வாளாம். அவளைப் பொறுத்தவரை வீட்டில் பாதுகாப்பான இடம் அது ஒன்றே.

அதன் பின்னர் சிகிச்சை வேறு திசையில் சென்றது. தந்தை மதுப்பழக்கத்திலிருந்து மீள்வதற்கான சிகிச்சைக்கு அனுப்பப்பட்டார். ஒருமுறை இடையில் நின்றுபோய் மீண்டும் வந்தார். மகள் மதிப்பெண்ணில் பழைய இடத்தை உடனே எட்டிவிடவில்லை. ஆனால் இரவில் தூங்கத் தொடங்கினாள்.

உறவினர் சொன்ன பொருள் தவறு என்பதால் தாயின் கவலையும் தேவையற்றது என்று ஆகிவிடாது. அவர் கவனித்தது சரி. உதவி தேடி வந்ததும் சரி. பிள்ளையின் படம் உங்களுக்குக் கலக்கம் தந்தால், அதைக் கேள்வி கேட்பதற்கான காரணமாகக் கொள்ளுங்கள். அதையே விடையாகக் கொண்டுவிட வேண்டாம்.

ஆய்வுகள் என்ன கூறுகின்றன?

இச்சிகிச்சையைப் பற்றி மிகைப்படுத்திய விளம்பரங்களும் உள்ளன. ஆகவே சான்றுகளின் நிலையை அறிந்துகொள்வது நல்லது. ஐரோப்பிய மண்டல உலக சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டு வெளியிட்ட தொகுப்பறிக்கை, உடல்நலத்தையும் மனநலத்தையும் பேணுவதில் கலைகளுக்குப் பங்கு உண்டு என்று கூறியது. 2016ஆம் ஆண்டு அமெரிக்காவில் 39 பெரியவர்களிடம் நடத்திய சிறிய ஆய்வில், 45 நிமிடம் ஓவியமோ களிமண் வேலையோ செய்த பின்னர், அவர்களுள் ஏறக்குறைய 75 விழுக்காட்டினருக்கு மன அழுத்தத்தோடு தொடர்புடைய கார்டிசால் ஹார்மோனின் அளவு குறைந்திருந்தது. முன்அனுபவம் இருந்தவர், இல்லாதவர் என்ற வேறுபாடு அதில் தென்படவில்லை. அதிர்ச்சி நிகழ்வுகளால் பாதிக்கப்பட்டு மனநல மருத்துவமனையில் தங்கியிருந்த வளரிளம் பருவத்தினரிடம் நடத்தி 2007ஆம் ஆண்டு வெளியான ஒரு முன்னோட்ட ஆய்வில், வழக்கமான கைவேலை வகுப்பில் இருந்தோரைவிடக் கலைவழிச் சிகிச்சை பெற்றோருக்கு அறிகுறிகள் கூடுதலாகக் குறைந்தன.

மறுபக்கமும் உண்டு. விபத்தில் காயமுற்ற சிறுவர்களிடம் நடத்தி 2001ஆம் ஆண்டு வெளியான ஆய்வில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. மனச்சிதைவு நோய் உள்ள பெரியவர்கள் 417 பேரிடம் பிரிட்டனில் நடத்தி 2012ஆம் ஆண்டு வெளியான பெரிய ஆய்வும், குழுவாக அளித்த கலைவழிச் சிகிச்சையால் கூடுதல் பயன் விளைந்ததாகக் காட்டவில்லை. எனவே மருத்துவர்கள் இதைத் துணைச் சிகிச்சையாகவே பரிந்துரைக்கின்றனர். மருந்து எழுதித் தரப்பட்டிருந்தால், "இப்போது ஓவியச் சிகிச்சை நடக்கிறதே" என்று அதை நிறுத்திவிட வேண்டாம். மனச்சோர்வுக்கான மருந்தைத் திடீரென்று நிறுத்துவது கூடுதல் தொல்லைகளை உண்டாக்கும்.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியவை

வீட்டில் நீங்கள் சிகிச்சை அளிக்க இயலாது. அதற்கு முயலவும் வேண்டாம். வரைவதற்கு ஓர் இடமும் நேரமும் கொடுக்கலாம், அது போதும். விலை உயர்ந்த பொருள்கள் தேவையில்லை. பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கம், ஒரு பெட்டி கிரேயான், போஸ்டர் கலர், அருகில் கிடைக்கும் களிமண், பழைய வார இதழ்கள், பசை இருந்தால் ஆயிற்று. கோலப்பொடியையும் மறந்துவிட வேண்டாம். புள்ளி வைத்துக் கோடு இழுக்கும்போது மனம் ஒருமுகப்படுவதைப் பெரியவர்களே சொல்லக் கேட்டிருக்கிறோம். ஆண் பிள்ளை கோலம் போட விரும்பினால் தடுக்க வேண்டாம். டர்பென்டைன் போன்ற கரைப்பான் தேவைப்படும் எண்ணெய் வண்ணங்களைக் காற்றோட்டம் இல்லாத அறையில் பயன்படுத்தக் கூடாது.

பிள்ளை வரைந்துகொண்டிருக்கும்போது பின்னால் நின்று எட்டிப் பார்க்காதீர்கள். படத்தைக் காட்டினால், "ரொம்ப அழகா இருக்கு" என்று உடனே பாராட்டுவதையும் சற்றுத் தள்ளிப் போடலாம். பாராட்டு கிடைத்ததும் அடுத்த படம் உங்களுக்காக வரையப்படும். "இந்த இடத்துல நிறைய நேரம் செலவு பண்ணியிருக்கியே, சொல்லேன்" என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளை சொன்னால் கேளுங்கள்; சொல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். உங்களுக்கும் ஒரு தாளை எடுத்துக்கொண்டு அருகில் அமர்ந்து வரைவது இன்னும் நல்லது. உங்கள் படம் மோசமாக இருந்தால் மிகவும் நல்லது.

தேர்வுக் காலத்தில் வண்ணப் பெட்டியைப் பூட்டி வைக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. மாலையில் அரை மணி நேரம் வரைவதால் படிப்பு கெடாது. தூக்கத்தைக் குறைத்துப் படிப்பதால்தான் கெடும்.

மற்றொன்றையும் உறுதியாகச் சொல்ல வேண்டும். பிள்ளையின் படத்தை அதன் சம்மதமின்றி வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைப்பது, உறவினர் குழுவுக்கு அனுப்புவது, வீட்டுக்கு வந்தவரிடம் எடுத்துக் காட்டுவது ஆகியவற்றைத் தவிர்த்துவிடுங்கள். பெருமையினால் செய்தாலும் சரி, கவலையினால் செய்தாலும் சரி, பிள்ளையைப் பொறுத்தவரை நாட்குறிப்பை ஊரறியப் படித்ததற்கு அது சமம். ஒருமுறை அப்படி நேர்ந்தால் அதன் பின்னர் அப்பிள்ளை வரையும்; ஆனால் உங்கள் கண்ணில் படாமல் வரையும்.

இரகசியம் காக்கப்படுமா?

அமர்வில் பிள்ளை வரைந்ததும் சொன்னதும் மருத்துவ ஆவணத்துக்கு ஒப்பானவை. மனநல சிகிச்சை பெறுவோரின் தகவல்கள் இரகசியமாகக் காக்கப்பட வேண்டும் என்பது 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் வழங்கும் உரிமை. பதினெட்டு வயது நிரம்பாதவரின் சிகிச்சையில் பெற்றோருக்குப் பங்கு உண்டு என்பதால், முன்னேற்றம் குறித்து உங்களிடம் பேசப்படும். ஆனால் ஒவ்வொரு படமும் உங்களிடம் காட்டப்படாது. "என் பிள்ளை என்ன வரைந்தது என்று எனக்குத் தெரியக் கூடாதா?" என்று சிலர் வருத்தப்படுவது இயல்பே. அந்தத் திரை இருப்பதனால்தான் பிள்ளை அங்கே வரைகிறது.

இதற்கு விலக்குகள் உண்டு. அவை முதல் நாளே பிள்ளையிடம் சொல்லப்படும். உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் உங்களிடம் உடனே தெரிவிக்கப்படும். பாலியல் கொடுமை நிகழ்ந்திருப்பது தெரியவந்தால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின்படி அதைக் காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயமாகும். அத்தகைய நிலையில் குடும்ப மானத்தைக் காரணம் காட்டிப் பிள்ளையை வாய் மூடச் செய்துவிடாதீர்கள்.

எப்போது காத்திருக்கக் கூடாது?

கீழ்க்காணும் நிலைகளில் கலைவழிச் சிகிச்சையைத் தேடிக்கொண்டிராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். சாவைப் பற்றியோ "நான் இல்லாவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி" என்றோ பேசுதல் அல்லது எழுதுதல். விருப்பமான பொருள்களைப் பிறருக்குக் கொடுத்துவிட்டு விடைபெறுவது போல நடந்துகொள்ளுதல். கையிலோ தொடையிலோ கீறிக்கொண்ட தழும்புகள், வெயிலிலும் முழுக்கைச் சட்டையைக் கழற்ற மறுத்தல். பிறருக்குக் கேளாத குரல் தனக்குக் கேட்பதாகக் கூறுதல். நாள் கணக்கில் உண்ணாமலும் உறங்காமலும் இருத்தல்.

சந்தேகம் எழுந்தால் நேரடியாகவே கேளுங்கள். "செத்துப் போயிடலாம்னு எப்பவாவது தோணுதா, கண்ணு?" என்று அமைதியாகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக விதைக்கப்படுவதில்லை, ஏற்கெனவே இருந்தால் அதைச் சொல்ல வழி கிடைக்கிறது. "ஆம்" என்று விடை வந்தால் அழவோ அறிவுரை கூறவோ சத்தியம் வாங்கவோ வேண்டாம். அருகிலேயே இருங்கள். வீட்டில் உள்ள பூச்சிக்கொல்லி, எலி மருந்து, தாத்தா பாட்டியின் மாத்திரைகள் ஆகியவற்றை உடனே அகற்றிவிடுங்கள் அல்லது பூட்டி வையுங்கள். அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். நள்ளிரவானாலும் அரசு மருத்துவமனை அவசர சிகிச்சைப் பிரிவு திறந்திருக்கும்.

சேவையைப் பெறுவது எவ்வாறு?

கலைவழிச் சிகிச்சையாளர் என்ற தனிப் பணியிடம் எல்லா அரசு மருத்துவமனைகளிலும் இல்லை. ஆகவே புறநோயாளர் சீட்டு வாங்கும் இடத்தில் அப்பெயரைச் சொல்லிக் கேட்டால் சரியான பதில் கிடைக்காமல் போகலாம். மனநலப் பிரிவுக்குச் செல்ல வேண்டும் என்று கேளுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநல மருத்துவர்கள் உள்ளனர். மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் மனநலக் குழுவினர் வட்ட மருத்துவமனைகளுக்குக் குறிப்பிட்ட நாள்களில் வருகின்றனர். எந்த நாள் என்பதை அங்கே கேட்டறியலாம். முதலில் மருத்துவர் பரிசோதித்துத் தைராய்டு குறைபாடு, இரத்தசோகை போன்ற உடல் காரணங்கள் உள்ளனவா என்று பார்ப்பார். பின்னர் மருத்துவ உளவியலாளரோ மனநல சமூகப் பணியாளரோ ஆலோசனையைத் தொடங்குவார். "பேச்சைவிட வரைவதில் பிள்ளைக்கு விருப்பம் அதிகம்" என்பதை அவரிடம் சொல்லுங்கள். வரைதலை ஆலோசனையின் ஒரு பகுதியாகச் சேர்த்துக்கொள்ள இயலுமா என்று கேட்பதில் தவறில்லை. முன்பே வரைந்த படங்களை எடுத்துச் செல்வதாக இருந்தால், பிள்ளையே தேர்ந்தெடுத்து எடுத்து வரட்டும்.

தனியாரிடம் செல்வதானால் சிலவற்றைக் கேட்டறிந்த பின்னரே சேருங்கள். பிரிட்டனில் பதிவு பெற்றவர் மட்டுமே கலைவழிச் சிகிச்சையாளர் என்ற பெயரைப் பயன்படுத்தலாம் என்று சட்டம் உள்ளது. நம் நாட்டில் இத்துறைக்கான பயிற்சிகள் சில நாள் பட்டறை முதல் நீண்ட காலப் படிப்பு வரை பலவகைப்பட்டவை. உளவியலிலோ மனநலத்திலோ என்ன கல்வி பெற்றுள்ளார், வளரிளம் பருவத்தினரோடு பணியாற்றிய அனுபவம் உண்டா, நிலைமை மோசமானால் எந்த மனநல மருத்துவரிடம் அனுப்புவார் என்று கேளுங்கள். ஒரே ஒரு படத்தைப் பார்த்துவிட்டுப் பிள்ளையின் குணத்தை விவரிப்பவரிடமும், இத்தனை நாளில் குணமாகும் என்று உறுதி தருபவரிடமும் சேர்க்க வேண்டாம்.

தொலைபேசி வழி மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இருபத்து நான்கு மணி நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். பிள்ளையே நேரடியாக அழைக்கலாம். பெற்றோரும் தம் கவலையைச் சொல்ல அழைக்கலாம். குழந்தைகளுக்கு எதிரான கொடுமை, கைவிடப்படுதல் போன்றவற்றுக்கு 1098 என்ற எண்ணை அழைக்க வேண்டும். இவ்விரு எண்களையும் பிள்ளையின் கண்ணில் படும் இடத்தில் எழுதி வையுங்கள்.